தண்டல் கட்டத் தண்டல்: திருப்பூர் வாசகிக்குப் பதில்

கேள்வி: நானும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறோம். அவர் பவர் டேபிள் டெய்லர், சனிக்கிழமைதோறும் சம்பளம், சராசரி 4,200 ரூபாய் வரும். நான் செக்கிங், மாதம் 10,500. உரிமைத் தொகை 1,000. வாடகை, மளிகை, பால், கேஸ், கரண்ட், பள்ளிக்கூடம், பெட்ரோல், ரீசார்ஜ், அத்தைக்கு மாத்திரை எல்லாம் சேர்த்து 20,000 ஆகிவிடுகிறது. கடன்கள்: கிரெடிட் கார்டில் 58,000 (நாத்தனார் மகள் சீருக்குத் தேய்த்தது, மாதம் மினிமம் 2,900 கட்டுகிறோம்). மொபைல் ஆப்பில் எடுத்த லோன், மாதம் 3,400, இன்னும் 12 தவணை. குழு லோன், மாதம் 2,450, இன்னும் 14 தவணை. மாமனார் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் 4 பவுனை அடகுக் கடையில் 2 வட்டிக்கு 70,000 வாங்கி வைத்தோம். ஏழு மாதமாக வட்டி கட்டவில்லை. இது போகத் தண்டல். 10,000 எழுதி 8,500 கொடுப்பார், தினம் 100 ரூபாய். முடிந்ததும் மறுபடி வாங்கிவிடுவேன். இப்போது 60 நாள் பாக்கி. இது கணவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அடைக்க 2,50,000 லோன் ஒன்றரை வட்டிக்கு வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கார்டுக்கு 30,000 கட்டினால் செட்டில்மென்ட் பண்ணலாம் என்று இன்னொருவர் போன் செய்கிறார். நகையை விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. கல்லூரி முடித்த தம்பி சொல்லித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என்ன செய்வது?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பிடித்தது, எந்தத் தொகையையும் மறைக்காமல் எழுதியிருப்பது. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் கடைசி பத்து நிமிடத்தில்தான் "இன்னொண்ணு இருக்குங்க சார்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த இன்னொன்று பெரும்பாலும் தண்டலாகத்தான் இருக்கும்.

நான் கூட்டிப் பார்த்தேன். ஆப் லோனில் அசல் பாக்கி சுமார் 34,900, குழு லோனில் சுமார் 29,700, அடகில் வட்டியோடு 79,800, கார்டு 58,000, தண்டல் 6,000. மொத்தம் 2,08,400 ரூபாய். இந்தத் தொகையைப் பார்த்துத்தான் நீங்கள் மலைத்துப் போயிருக்கிறீர்கள். அதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நீங்கள் அடகுக் கடையில் பேசும் பாஷையிலேயே, "நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் வட்டி" என்று ஒவ்வொரு கடனையும் கேட்டுப் பாருங்கள். ஐந்து கடனும் ஐந்து பாஷையில் பேசுவதால்தான் எது கழுத்தைப் பிடிக்கிறது என்று தெரியாமல் போகிறது.

கார்டுக்காரர்கள் மாதம் 3.75 சதவிகிதம் என்று போடுவார்கள். அந்த வட்டிக்கு மேல் 18 சதவிகிதம் ஜிஎஸ்டி. ஆக நாலே முக்கால் இல்லை என்றாலும் நாலரை வட்டிக்குக் கிட்டே. உங்கள் 58,000-க்கு மாதம் வட்டியும் வரியுமாக 2,566 ரூபாய். நீங்கள் கட்டுவது 2,900. அதாவது மாதாமாதம் அசலில் கழிவது 334 ரூபாய்! ஸ்டேட்மென்ட்டில் தேதி தவறாமல் கட்டியதாக வரும், கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

தண்டலுக்கு யாரும் வட்டி சொல்வதில்லை, "பத்துக்கு ஒன்றரை கழிச்சுக்குவோம்" என்பதோடு சரி. 8,500 வாங்கி, மறுநாளிலிருந்தே 100 ரூபாயாகத் திருப்பிக் கொடுப்பதால், முழுத் தொகை உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு நாள்தான். கணக்குப் போட்டால் பத்து வட்டி. வருஷத்துக்கு 120 சதவிகிதம். ஆப் லோன் இரண்டரை வட்டி, குழு லோன் 2 வட்டி, அடகு 2 வட்டி. வரிசை இப்போது தெரிகிறதா? மிகச் சின்னக் கடன்தான் மிக மோசமான கடன்.

தண்டல் விஷயத்தில் இன்னொரு கணக்கையும் காட்ட வேண்டும். மாதத்துக்கு நாலு சனிக்கிழமை என்று வைத்தால் வீட்டுக்கு வருவது 28,300. செலவு 20,000 போக 8,300. கார்டு, ஆப், குழு மூன்றும் சேர்த்து 8,750. தண்டலே இல்லாமல் இருந்தால் உங்களுக்குத் துண்டு விழுவது வெறும் 450 ரூபாய். அந்த 450-ஐத் தண்டல் அடைக்கிறதா என்றால், இல்லை. 100 நாளுக்கு ஒருமுறை வரும் 8,500-ஐ மாதத்துக்குப் பிரித்தால் 2,550. போவது மாதம் 3,000. அதிலேயே இன்னொரு 450 போய், துண்டு 900 ஆனது. முதல் தடவை எதற்கு வாங்கினீர்களோ தெரியாது. இப்போது தண்டல் கட்டத்தான் தண்டல் வாங்குகிறீர்கள்.

செலவைக் குறைப்பது பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. நாலு பெரியவர்களோ ஐந்து பேரோ இருக்கும் வீட்டில் 20,000-க்குள் வாடகையும் அடக்கம் என்றால், அதில் வெட்ட ஒன்றும் இல்லை. டீயைக் குறை, பூவைக் குறை என்று எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் வரவில் ஒன்றை நீங்கள் எண்ணவில்லை. வாரச் சம்பளக்காரர் வீட்டில் வருஷத்துக்கு 52 சனிக்கிழமை. மாதம் நாலு என்று எண்ணினால் 48. மீதி நாலு எங்கே? வருஷத்தில் நாலு மாதம், சில வருஷம் ஐந்து மாதம், ஐந்தாவது சனிக்கிழமை வரும். அந்த நாலு கவரிலும் சேர்த்து இருப்பது 16,800 ரூபாய். காலண்டரை எடுத்து அந்தச் சனிக்கிழமைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். அது வீட்டுச் செலவுப் பணம் இல்லை. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது நகை. 70,000-க்கு வைத்த அந்த 4 பவுன், தங்கம் ஏறியிருக்கும் விலைக்கு இன்று வேறு பொருள். நான் 31 வருஷம் வங்கியில் இருந்தவன், அதில் 9 வருஷம் நகைக் கடன் கவுண்டரில். பழைய விலைக்கு வைத்த நகையை அடகுக் கடையிலேயே விட்டுவிட்டு, வெளியே நாலு வட்டிக்கும் பத்து வட்டிக்கும் அலைந்த குடும்பங்களை அங்கே பார்த்திருக்கிறேன். அரசு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக் கடன் வட்டி வருஷத்துக்கு 9, 10 சதவிகிதத்தை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் பாஷையில் 80 பைசா வட்டி. 2,50,000 ரூபாய் வரையிலான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவிகிதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதியையும் தளர்த்தியிருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. அடகை மீட்க 79,800, கார்டுக்கு 58,000, தண்டலுக்கு 6,000. 1,44,000 போதும், 4 பவுனுக்கு அது தாராளமாகக் கிடைக்கும். அதற்கு மேல் "இன்னும் 40,000 வரும், போட்டுக்கட்டுமா?" என்று கவுண்டரில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆப் லோனையும் குழு லோனையும் சேர்த்து அடைத்தால் என்ன என்று உங்கள் தம்பி கேட்பார். வட்டிக் கணக்குப்படி அவர் கேள்வி சரி. ஆனால் ஆப் லோனில் இனி நீங்கள் கட்டப்போகும் வட்டியே 5,900 ரூபாய்தான். முன்கூட்டியே முடிப்பதற்கு அவர்கள் கேட்கும் கட்டணமும் அதற்கு வரியும் போனால் மிஞ்சுவது அற்பம். அதைவிட முக்கியம், அந்த இரண்டும் தவணைக் கடன், தானாகவே 12, 14 மாதத்தில் செத்துப்போகும். நகைக் கடனுக்குத் தவணை கிடையாது, அசலைக் கேட்டு யாரும் வர மாட்டார்கள். அதன் சுகமும் அதுதான், ஆபத்தும் அதுதான். எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய்க் கொட்டினால் வருஷா வருஷம் வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே பத்து வருஷம் ஓட்டிவிடுவோம். என் சொந்த அண்ணன் வீட்டில் ஒரு ஆரம் அப்படித்தான் மகள் பிறந்தபோது போய், அவள் கல்யாணத்துக்குத்தான் வெளியே வந்தது.

வங்கியில் வைக்கும்போது ஒன்று செய்யுங்கள், இதைக் கவுண்டரில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். நாலு பவுனையும் ஒரே கடனாக வைக்காதீர்கள். செயின் தனி, வளையல் தனி, இரண்டு கடன், இரண்டு சீட்டு. செயின் இரண்டரைப் பவுன் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம், அதற்கு 90,000. வளையல் ஒன்றரைப் பவுனுக்கு 54,000. மொத்தமாக வைத்தால் 1,44,000-ஐயும் கட்டி முடிக்கும்வரை ஒரு குண்டுமணித் தங்கம்கூட வெளியே வராது. பிரித்து வைத்தால் 54,000 கட்டியதும் வளையல் கைக்கு வந்துவிடும். நடுவில் கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் போனாலும், ஒன்றை மட்டும் விற்று மற்றதைக் காப்பாற்றலாம்.

மீட்கும் நாளைப் பற்றிச் சொல்கிறேன், அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அடகில் இருக்கும் நகையைக் கையில் வாங்கினால்தான் வங்கியில் வைக்க முடியும், வங்கியில் வைத்தால்தான் மீட்கப் பணம் வரும். இடையில் அரை நாளுக்கு 79,800 வேண்டும். சில வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் அவர்களே ஆள் அனுப்பி மீட்டு வைத்துக்கொள்வார்கள், முதலில் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் அண்ணன் தம்பியிடமோ, கணவரின் கம்பெனி முதலாளியிடமோ ஒரே ஒரு நாள் கைமாற்று. கொடுப்பவரையும் கூடவே கூட்டிப் போங்கள், அவர் பணம் அவர் கண் முன்னாலேயே திரும்பிவிடும். சுவரில் ஒட்டியிருக்கும் "அடகு நகையை மீட்டுத் தருகிறோம்" நோட்டீஸ்காரர்களைக் கூப்பிடாதீர்கள். அவர்கள் மீட்பது உங்களுக்காக இல்லை, வாங்கிக்கொள்வதற்காக.

முந்தின நாளே வங்கிக்குப் போய் மதிப்பீட்டாளர் எந்த நேரம் இருப்பார் என்று கேட்டு வையுங்கள். சின்னக் கிளைகளில் அவர் எல்லா நேரமும் உட்கார்ந்திருக்க மாட்டார். ஆதார், பான், பாஸ்புக். அடகுக் கடையில் அசல் சீட்டைக் கொடுத்து நகையை வாங்கியதும், அங்கேயே, அவர் தராசிலேயே ஒருமுறை எடை போடச் சொல்லுங்கள். சீட்டில் எழுதியிருக்கும் எடையும் அதுவும் ஒன்றா என்று பார்த்த பிறகு படியிறங்குங்கள். வங்கியில் மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார், கல் எடையையும் வளையலுக்குள் அரக்கு இருந்தால் அதையும் கழிப்பார். 32 கிராம் என்று நீங்கள் நினைத்தது 30 என்று வந்தால் பதறாதீர்கள், அவர் ஏமாற்றவில்லை. பணம் உங்கள் கணக்குக்கு வந்ததும், அன்று மாலைக்குள் கைமாற்றும் கார்டும் தண்டலும் முடிந்திருக்க வேண்டும். ராத்திரி தங்கினால் அந்தப் பணத்துக்கு வேறு வேலை வந்துவிடும்.

கார்டில் 58,000 கட்டியதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த ஸ்டேட்மென்ட்டில், நீங்கள் கட்டிய நாள் வரைக்குமான வட்டி என்று ஒரு சின்னத் தொகை வந்து நிற்கும். அதையும் கட்டிவிட்டு, கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதி. மூடியதாகக் கடிதம் வாங்கி வையுங்கள்.

30,000-க்குச் செட்டில்மென்ட் என்று போன் செய்பவரை நம்ப வேண்டாம். மூன்று மாதம், நாலு மாதம் கட்டாமல் போனவர்களிடம்தான் வங்கி அந்தப் பேச்சையே எடுக்கும். நீங்களோ மாதாமாதம் கட்டுகிறீர்கள். அவர் போலியாக இருக்கலாம், இல்லை முதலில் கட்டுவதை நிறுத்தச் சொல்பவராக இருக்கலாம். உண்மையான செட்டில்மென்ட்டாகவே இருந்தாலும் கடன் அறிக்கையில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு' என்று வந்து பல வருஷம் நிற்கும்.

2,50,000 லோன் ஏஜென்ட்டின் ஒன்றரை வட்டியைப் பார்ப்போம். மூன்று வருஷக் கடன் என்று வைத்துக்கொள்வோம், முழுத் தொகைக்கும் கடைசிவரை குறையாத வட்டி அது. மாதம் 10,694 ரூபாய் வரும். அசல் குறையக் குறைய வட்டி குறைகிற கணக்கில் பார்த்தால் அது இரண்டரை வட்டிக்கும் மேல். உங்களிடம் மாதம் மிஞ்சுவதே 8,300. அவர் டாக்குமென்ட் சார்ஜ் என்று முன்பணம் கேட்டாரா? கடிதத்தில் இல்லை, ஆனால் கேட்பார். கேட்டால் அந்த நம்பரை பிளாக் செய்துவிடுங்கள்.

தண்டல்காரரிடம் சண்டை வேண்டாம். 2003-ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது, மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. அவர் மிரட்டினால் அந்தச் சட்டம் உங்கள் பக்கம். மிரட்டாதவரிடம் 6,000-ஐக் கொடுத்துவிட்டு, அட்டையில் கணக்கு முடிந்தது என்று கையெழுத்து வாங்குங்கள். எழுதாத பேப்பரிலோ புரோநோட்டிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதைத் திருப்பி வாங்காமல் பணத்தைக் கையில் வைக்காதீர்கள். "அடுத்த வாரம் 15 தரட்டுமாக்கா?" என்பார். அவருக்கு நல்ல கஸ்டமர் நீங்கள்.

இதற்குப் பிறகு உங்கள் மாதம் இப்படி இருக்கும்: ஆப் 3,400, குழு 2,450, நகைக் கடன் வட்டி சுமார் 1,150. மொத்தம் 7,000. மிச்சம் 1,300. அதில் 500 ரூபாயை வேறொரு கணக்கில் போட்டு வையுங்கள், ஏடிஎம் கார்டு இல்லாத கணக்காக இருந்தால் நல்லது. 500 போடுவதற்குப் பதில் அதையும் கடனில் கட்டினால் வட்டி மிஞ்சுமே என்று தோன்றும். மிஞ்சும். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் வரும் ராத்திரியில் கையில் 3,000 இல்லாவிட்டால் மறுபடி தண்டல்தான் வரும். மீதி 800 வளையல் கடனுக்கு. ஐந்தாவது சனிக்கிழமைக் கவர்கள் நாலும் வளையல் கடனுக்கு. தீபாவளி போனஸில் 12,000 வளையல் கடனுக்கு, மீதியில் துணியும் பலகாரமும். வேலை குறையும் மாதங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒன்றரை வருஷத்தில் வளையல் கைக்கு வரும். அதற்குள் ஆப்பும் குழுவும் முடிந்திருக்கும் என்பதால் செயின் இன்னும் சீக்கிரம் வரும், முதலிலிருந்து எண்ணினால் இரண்டரை வருஷத்துக்குள். பன்னிரண்டாவது மாதம் நகைக் கடனைப் புதுப்பிக்க வேண்டும், தேதியைக் காலண்டரில் குறியுங்கள்.

நகையை விற்பது பற்றி: விற்றால் இன்றைய விலைக்கு எல்லாக் கடனும் அடைந்துவிடும், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அம்மா போட்ட நகை என்பதால் உங்களுக்கு மனசு வராது என்று கடிதத்தின் நடையிலேயே தெரிகிறது. மாதம் தவறாமல் வட்டி கட்ட முடிகிறவரை வைத்திருங்கள். தொடர்ந்து மூன்று மாதம் முடியாமல் போனால், மறுபடி தண்டலுக்குப் போகாமல் வளையலை விற்றுவிடுங்கள்.

கணவரிடம் சொல்லத்தான் வேண்டும். வங்கியில் உங்கள் நகையை நீங்கள் மட்டுமே வைக்கலாம், அவர் கையெழுத்துத் தேவையில்லை. ஆனாலும் ஐந்தாவது சனிக்கிழமைக் கவரை அவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம், அத்தை தூங்கிய பிறகு, தண்டல் அட்டையையும் நான் எழுதிய இந்தக் கணக்கையும் சேர்த்து வையுங்கள். "தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு துண்டு விழுந்தது, அதை மறைத்துச் சமாளித்தீர்கள், இப்போது இதை இப்படி முடிக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். கார்டு அவர் அக்கா மகள் சீருக்குத் தேய்த்ததுதானே என்று அந்த நேரத்தில் மட்டும் நீங்கள் ஆரம்பித்துவிடாதீர்கள். தாய்மாமன் சீர் செய்யாமல் அவர் சபையில் நிற்க முடியாது, அது உங்களுக்கும் தெரியும்.

குழு லோன் ஆள் தவணைக்கு ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு வாசலில் வந்து நின்றால், காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6-க்குப் பின்னாலும் வரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக எழுதலாம், விவரத்துக்கு 14448.

அடுத்த விசேஷம் வருவதற்குள் மொய் நோட்டை எடுத்து வையுங்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு எழுதியது எவ்வளவோ அதைத் திருப்பி எழுதுங்கள், ஆயிரமோ ஐந்நூறோ. அதற்கு மேல் போடுவது இந்த இரண்டரை வருஷத்துக்கு வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் முகம் சுளித்தால், கணவரைப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் பேசாதீர்கள்.